ஓசீத் கற்ற முதல் ஆங்கிலச் சொல்

ஈஸ்ட்போர்ட் துறையில் சங்கு ஊதினால்
மீன் வந்துவிட்டதென்று பொருள்.
நள்ளிரவானாலும் பெண்கள் ஓட வேண்டும்
கத்தரிக்கோலோடு.

எல்லைக்கு வடக்கே பிரெஞ்சு பேசும் கரையிலிருந்து
ஓசீத் துகே வந்தபோது
ஒரு வார்த்தை ஆங்கிலம் கிடையாது.
விரல்களில் துணி சுற்றி
மத்தி என்ற பெயரில் விற்கப்போகும் குட்டி ஹெர்ரிங்கைத்
தலை நறுக்கி, வால் நறுக்கி,
எண்ணெய்க்குக் கொஞ்சம் இடம் விட்டு அடுக்கினாள்.
தகரப் பெட்டிக்குக் கேன் என்று பெயர்.
அதை முதல் மணி நேரத்திலேயே பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் மேஸ்திரி ஹைரம்
இன்னும் வேகமாக முடியுமா என்று கேட்டான்.
அந்த ‘முடியுமா’வுக்குள்ளும் ஒரு கேன்.
ஓசீத் பெட்டியை நீட்டினாள்.
மேசை முழுக்கச் சிரித்தது.

கொல்லைக் கழிப்பறையும் கேன்.
சாராயம் கடத்தி மாட்டிய லெட்டியின் புருஷன்
இப்போது இருக்கும் இடமும் கேன்.
மீன் வராத மார்ச்சில் அதே லெட்டிக்குச்
சீட்டுக் கிழித்தார்களே, அதுவும்தான்.
எதை உள்ளே தள்ளினாலும்
அந்த ஊருக்கு ஒரே மூடி.

கணக்கன் எல்வுட் பாதிரியாரின் அகராதியைக் கொண்டுவந்தான்.
ஆதியில் கேனிஸ்டர் என்று முழுதாக எழுதினார்களாம்,
யாரோ ஒரு குமாஸ்தாவுக்குக் கை வலித்ததாம்.
(இது அகராதியில் இல்லை. அவன் சரக்கு.)
கேனிஸ்டர் என்பது கிரேக்கர்களின் கூடை,
நாணலில் முடைந்தது, ரொட்டி வைக்க.
நாணலுக்கு அங்கே கன்னா.

கான்! என்றாள் ஓசீத்.
அவள் வீட்டில் கான் என்றால் கைத்தடி.
அப்பா பனியில் குத்திக் குத்தி நடப்பது.
அன்றைக்கு அதற்கு மேல் அவள் பேசவில்லை.

ஓதம் வற்றிய சேற்றில் நாணல் நின்றது.
ஒரு தாளை விரல் நீளத்துக்கு வெட்டி
ஆறாவது மீனின் இடத்தில் படுக்க வைத்தாள்.
மூடி விழுந்தது.

ஒஹாயோவிலிருந்து புகார்க் கடிதம் வர
ஏழு வாரமாயிற்று.
பெட்டியின் அடியில் அவள் மேசை எண் இருந்தது.
ஹைரம் சொன்ன சொல்லுக்கு
இந்த முறை யாரிடமும் பொருள் கேட்க வேண்டியிருக்கவில்லை.

எல்வுட் பேரேட்டைத் திறந்தான்.
காரணம் எழுத ஒரு அங்குலக் கட்டம்.
அதை மீறி, பக்கத்துக் கட்டத்தின் கூலிக் கணக்குக்குள் நுழைந்து,
கை வலிக்க எழுதினான்:
கேனிஸ்டர், ஒன்று. நாணலோடு.