பாலம் இருந்த இடம்

இரண்டாம் திரையில் தீவு முழுதும் விரிந்து கிடக்கிறது.
கிணறு, மருந்துப் பெட்டி, கரடிக் குகை,
யாரோ குத்திவிட்டுப் போன மஞ்சள் ஊசிகள்.
நாம் எங்கே நிற்கிறோம் என்பது மட்டும் அதற்குத் தெரியாது.

"என்ன தெரியுது?"
கெமியிலிருந்து இர்யா சொன்னாள்: "பனி."
"அப்புறம்?"
"ஒரு தேவாலயம். கூரையில் பாதி இல்லை."
வரைபடத்தில் பாதிக் கூரைத் தேவாலயங்கள் மூன்று.

சூரியன் எந்தப் பக்கம் இறங்குது, பார்.
கம்பிக் கோபுரம் ஏதாவது?
அவள் பூனை மவுஸைத் தட்டிவிட,
சாகக் கிடந்தவள் ஒரு நிமிடம் வானத்தை அண்ணாந்து நின்றாள்.
அதில்தான் தெரிந்தது கோபுரம்.

நடுத் தேவாலயம்!
வடக்கே நட. ஆறு வரும், பாலம் வரும்,
தாண்டினால் என் குடிசை.
அடுப்பில் மீன் வேகிறது.
இருக்கும் ஒரே கம்பளி உனக்குத்தான்.

உடல் வெப்பம் நாற்பது, முப்பது, பத்தொன்பது
என்று எண்ணியபடி நடந்தவள் நின்றாள்.
"தர்மோ, பாலம் இல்லை."

போன மாதப் புதுப்பிப்பில் உடைத்துவிட்டார்களாம்.
வரைபடத்தில் அது இன்னும் கல் பெயராமல் நிற்கிறது.

அக்கரையில் என் விளக்கைப் பார்த்தாளாம்,
கையை ஆட்டினாளாம்,
குதித்தும் பார்த்தாளாம்.
நான் பாலத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப்
பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊலுவில் மணி மூன்று.
பனி வாரும் வண்டி தெருவைச் சுரண்டிப் போகிறது.
பாலத்தின் மேல் ஓர் ஊசி குத்தி, "இல்லை" என்று எழுதினேன்.

"மறுபடி எழுந்துட்டேன்" என்றாள், "சட்டைகூட இல்லாம."
"என்ன தெரியுது?"
"கடல்.
வேணும்னா அலையை எண்ணிச் சொல்றேன்."