ஆறு மணிக்குள்

மாதத்தில் இரண்டு ஞாயிறு,
காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை
எப்சிபா எனக்கு மகள்.
கோர்ட்டுத் தாளில் வேறு வார்த்தைகள் இருக்கின்றன.
பொருள் இதுதான்.

போன தடவை செருப்புக் கடை.
அதற்கு முன்னால் பரோட்டாக் கடை, பல் டாக்டர்.
இந்தத் தடவை அவளே சொன்னாள்:
"மணப்பாட்டு லைட் ஹவுஸ்."

பஸ்ஸில் ஜன்னலோரம் அவளுக்கு.
குலசை தாண்டியதும்
பனைகளுக்கு மேலே நீட்டிய ஒற்றை விரலாய் அது,
கொஞ்ச நேரம் இடப்பக்கம்,
கொஞ்ச நேரம் எங்களுக்கு நேர் எதிரே.
"அது நடக்குதாப்பா?"
"இல்லை, ரோடு வளையுது."
இப்படி எல்லாவற்றுக்கும் சரியான பதில் சொல்லிச் சொல்லித்தான்
நான் வீட்டை விட்டு வெளியே வந்தேன்.

மணல்திட்டுக்கு அந்தப் பக்கம் கடல்
யாரையோ ஏசிக்கொண்டிருந்தது.
இந்தப் பக்கம் கழித்தண்ணீர்
அதைக் காதில் வாங்காமல் கிடந்தது,
ஒரு படகு, இரண்டு கொக்கு,
தலைகீழாக ஒரு சிலுவை.

பூங்காவில் மீன் வடிவக் குப்பைத் தொட்டி,
வாய் நிறைய ஐஸ் குச்சிகள்.
சீசாவில் நான் உட்கார்ந்ததும் அவள் மேலே போய்த் தொங்கினாள்.
நான் எழுந்தால் விழுவாள்.
எழாவிட்டால் இறங்க மாட்டாள்.
பக்கத்து நிழலில் நாசரேத்திலிருந்து வந்த ஒரு குடும்பம்
டிபன் கேரியரைப் பிரித்தது:
அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு சித்தி, எலுமிச்சை சாதம்.
எப்சிபா அவர்களைப் பார்க்கவில்லை.
பார்க்காமல் இருப்பதை நான் பார்த்தேன்.

படிகளை எண்பது வரை எண்ணினாள்.
அப்புறம் மூச்சு வந்து எண்ணிக்கையைத் தின்றுவிட்டது.

உச்சியில் சசீந்திரன், பாலக்காட்டுக்காரர்,
கண்ணாடிக் கூண்டின் திரையைக் கொஞ்சம் விலக்கினார்.
"பகல்ல மூடி வெக்கணும்.
வெயில் உள்ளே போனா லென்ஸே தீ வெச்சிடும்."
நுங்கை வகிர்ந்து அடுக்கியதுபோல் கண்ணாடிப் பட்டைகள்.
நடுவே கட்டைவிரல் அளவு பல்பு.
"இம்புட்டுதானா?" என்றாள்.
அவள் முகம் ஏழெட்டாய்ப் பிரிந்து
ஒவ்வொன்றும் ஏமாந்தது.

"இது யாரக் கூப்பிடும்?"
"ஆரையும் கூப்பிடாது மோளே.
கிட்ட வராதே, மணல் இருக்கு,
தள்ளிப் போ, தள்ளிப் போன்னு சொல்லும்."
கொஞ்சம் யோசித்தாள்.
"அப்பம் இது நல்ல விளக்கா, கெட்ட விளக்கா?"
அவர் சிரித்தார்.
நான் கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
தள்ளிப் போ என்று என்னிடம் சொன்னவள்
ஒரு வெளிச்சமும் காட்டவில்லை என்றுதான்
இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

"எப்பம் எரியும்?"
"ஆறு, ஆறேகாலு."
என் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தாள்.
மணி பார்க்க அவள் படித்தது
இந்த ஒரு வருஷத்தில், இந்தக் கடிகாரத்தில்.
ஒன்றும் கேட்கவில்லை.
சசீந்திரனுக்கு என்ன புரிந்ததோ,
கையைத் தூக்கி ஒரு சொடுக்குப் போட்டார்.
காத்திருந்தார்.
மறுபடி ஒரு சொடுக்கு.
"இவ்வளவு நேரத்துக்கு ஒரு தரம் மின்னும்."
நடுவில் அவள் உதடு அசைந்ததைப் பார்த்தேன்.

திருச்செந்தூர் பஸ் ஸ்டாண்டில் அவள் மாமன் ஜெபசிங்
பைக்கை அணைக்காமல் நின்றிருந்தான்.
கன்னத்தில் சில்லுக்கருப்பட்டியை ஒதுக்கிக்கொண்டு,
இன்னும் நாலு நிமிஷம் இருக்கும்போதே
அவளாகத்தான் ஏறினாள்.
"வீட்டு மாடியிலேர்ந்து தெரியும்லா?
நடுவுல ஏழு வரும். நீங்களும் எண்ணுங்க."

லாட்ஜுகளையும் கடலை வண்டியையும் தாண்டிக்
கரைக்கு நடந்தேன்.
தெற்கே இருட்டில் ஒன்றுமில்லை.
இருந்தது, ஒரு கீற்று, அடிவானத்தில்
யாரோ தீக்குச்சியைக் கிழித்துப் பயந்து அணைத்ததுபோல்.
ஒன்று, இரண்டு என்று எண்ணினேன்.
ஐந்திலேயே வந்துவிட்டது.
மறுபடியும் ஐந்துதான்.
அவள் எண்ணுவது கொஞ்சம் வேகம்.

அந்த மாடிக்குத் தெற்கே ஒரு தென்னை உண்டு.
நான்தான் நட்டேன்.
இப்போது எவ்வளவு உயரம் வளர்ந்திருக்குமோ.