ஈயம் தொட்ட இடுக்கி

சிலிம் ரிவர் முச்சந்தியில்
தொழிற்சாலை பஸ் ஐந்தே காலுக்கு இன்னமும் வருகிறது.
ஒரு ஹாரன். கொஞ்சம் நிற்கும். பிறகு போகும்.
அந்தக் கொஞ்சம் எனக்கானது.
மூன்று மாதமாகியும் டிரைவர் ஜீவரத்தினத்துக்குக்
கால் பழக்கம் விடவில்லை.

பதினாறு வருடம்.
பலகை ஒன்றுக்கு முப்பத்தெட்டு நொடி.
ஈயம் வை, சுடு, ஊது, தள்ளு.
கழிவறை போக லைனுக்கு ஒரே ஒரு மஞ்சள் அட்டை.
அது யார் கழுத்தில் தொங்குகிறதென்று
ஓரக்கண்ணால் பார்த்தபடி அடக்கிக்கொண்டிருந்த நேரம்
எந்தச் சம்பளச் சீட்டிலும் ஏறவில்லை.

லைன் மூன்று வியட்நாமுக்குப் போகிறது என்றார்கள்.
மற்றவர்கள் பேராங்கில் வேறு கம்பெனிக்கு மாறினார்கள்.
"உனக்கும் சொல்லி வைத்திருக்கிறேன், புஷ்பலீலா" என்றாள் சரளா.
வேண்டாம் என்று சொன்ன வாய்
என்னுடையதுதானா என்று
வீடு வரும்வரை தொட்டுப் பார்த்தேன்.

நஷ்டஈட்டில் ஒரு கேஸ் டார்ச், சூளைச் செங்கல்,
முந்நூறு கிராம் வெள்ளிக் கம்பி.
இந்த நாட்டில் காசுக்கும் வெள்ளி என்றுதான் பேர்.
வெள்ளி கொடுத்து வெள்ளி வாங்கி
வெள்ளிக்கிழமை தருவதாக வாக்கும் கொடுத்தேன்,
பள்ளி கேன்டீன் ரொஹாயா அக்காவுக்கு:
மகளின் கெபாயாவில் குத்த மூன்று கெரோங்சாங்,
இடையில் மெல்லிய சங்கிலி.

"நகையா? இந்த ஊரிலா?" என்றார் கோபி,
லாரிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு.
"இங்கே ஒரு நகைக்கடை, இரண்டு அடகுக்கடை.
கணக்குப் போட்டுக்கொள்."
போட்டேன்.
கணக்கில் தோற்றுத்தான் ஆரம்பித்தேன்.

வியாழன் இரவு, இரண்டாவது பதக்கத்தின் முதுகில்
பொட்டுப் பொட்டாகக் குழி,
கரையான் வைத்த பலகைபோல.
மறுபடி சுட்டேன். குழி ஆழமானது.
போனில் வீடியோவைச் சத்தம் குறைத்து
மூன்று முறை ஓட்டிய பிறகு விளங்கியது:
ஈயம் பட்ட வெள்ளியைச் சூடேற்றினால்
ஈயம் அதைத் தின்னும்.
ஈயம் எங்கிருந்து வந்தது?
என் இடுக்கியிலிருந்து.
கடைசி நாள் தெரியாமல் பையோடு வந்துவிட்டது.
தெரிந்துதான் வந்தது.
அதன் நுனியில் பதினாறு வருடம்
கடுகளவு ஒட்டியிருந்தது.

ரொஹாயா அக்கா ஆறுதல் சொல்லவில்லை.
முப்பது வெள்ளி குறைத்தார்.
"திங்கள் காலை ஏழு.
இல்லாவிட்டால் தஞ்சோங் மாலிமில் வாங்கிக்கொள்வேன்."
நாசி லெமாக் பொட்டலம் கட்டும் கை நிற்கவே இல்லை.

ஹார்ட்வேர் கடை ஆ செங்கிடம் புது இடுக்கி.
ஞாயிறு, சமையலறைப் பின்னால், காற்றாடியை நிறுத்தி
டார்ச்சைப் பிடித்தபோது
உதடு எண்ணத் தொடங்கியிருந்தது.
முப்பத்தாறு. முப்பத்தேழு.
முப்பத்தெட்டில் கை தானாகத் தள்ளப் போனது.
பிடித்துவைத்தேன்.
யாரும் அதட்டவில்லை.
வெள்ளி சாம்பலாகி, மங்கலாய்ச் சிவந்து,
இன்னும் இன்னும் என்று கேட்டது.
ஐம்பத்தொன்றில் பற்றாசு உருகி
இணைப்பெங்கும் ஒரே ஓட்டமாய் ஓடியது,
காய்ந்த கால்வாயில் முதல் மழைத்தண்ணீர்
வழி கண்டதுபோல.

திங்கள், ஆறு ஐம்பத்தைந்து.
அவர் பதக்கத்தைக் கவிழ்த்து முதுகைத்தான் முதலில் பார்த்தார்.
பிறகு தங்கைக்கும் ஒரு செட் கேட்டார்.
அதற்கும் பேரம்.

இப்போது கழிவறை போக யாரையும் கேட்பதில்லை.
ஆனாலும் எழுந்திருக்கும்போது
கழுத்தை ஒருமுறை தடவிக்கொள்கிறேன்.

பள்ளிப் படிவத்தோடு யஷ்வினி வந்து நின்றாள்.
"அம்மா தொழில்?"
பெகெர்ஜா செண்டிரி என்று எழுதச் சொன்னேன்.
மலாயில் அதற்குச் சுயதொழில் என்று அர்த்தம்.
தனியாக வேலை செய்கிறாள் என்றும் அர்த்தம்.
கட்டம் சிறியது. எதையும் அடிக்கவில்லை.

பழைய இடுக்கியை எறியவில்லை.
மேசைப் பக்கம் விடாமல்
ஜன்னல் விளிம்பில், மைலோ டின்னில் வைத்திருக்கிறேன்.
கோபியின் உள்ளங்கையில் செம்பனை முள் ஏறும் நாட்களில்
அதுதான் எடுக்கிறது.