நிழல் இல்லாத குதிரை

"ஓடும்லா, கண்டிப்பா ஓடும்" என்று
கொம்தார் மூன்றாம் மாடியில் ஆ செங் விற்ற
பழைய கிராபிக்ஸ் கார்டு
கேசுக்குள் நுழையவில்லை.
இரண்டு விரற்கடை நீளம் அதிகம்.
ஹார்டிஸ்க் கூண்டைக் கழற்றி
தகரத்தைக் குறடால் மடக்கித் தள்ளினேன்.

பவர் சப்ளை நானூற்றைம்பது வாட்.
விளையாட்டில் மழை பிடிக்கும்வரை போதுமாயிருந்தது.
பிடித்ததும்
கோட்டை, குதிரை, நான்
மூவரும் ஒரே கணத்தில் இருட்டு.

பாயான் லெப்பாசில் எனக்கு இரவு ஷிப்ட்.
சிப்புகளைச் சுடவைத்துக் கணக்குக் கேட்பது வேலை.
ஓரிடத்தில் திக்கினால் எறிந்துவிடுவதில்லை;
திக்கும் இடத்தை மட்டும் பூட்டி
வேறு எண் அச்சடித்து, விலை குறைத்து அனுப்புவோம்.
ஊமையான மூலைகளோடு அவை
எந்த ஊருக்குப் போகின்றன என்று யாரும் சொன்னதில்லை.

காய்ந்த பசையைத் துடைத்தபோது எண் தெரிந்தது.
அட, நம்ம வீட்டுப் பிள்ளை.
அச்சின் சாய்வுகூட எனக்குத் தெரியும்.

காலை ஏழரை. பஸ் இறக்கிவிட்ட காலோடு
பக்கத் தகட்டைத் திறந்து
மேசை விசிறியைத் திருப்பி வைத்தேன்.
புல்லைக் குறைத்தேன்.
தண்ணீரில் வானம் தெரிவதை நிறுத்தினேன்.
முப்பது பிரேமுக்கு மேல் வேண்டாம் என்றேன்.
"இதுக்கு போன்லயே ஆடலாமே"
மைலோ கலக்கியபடி யுகேந்திரன்.
பதில் சொல்லவில்லை.
கடைசியாக நிழல்களையும் அணைத்தேன்.

மழை பிடித்தது.
கால் தரையில் பாவாததுபோல்
ஓடுகிறது குதிரை,
ஓர் அடிகூடத் திக்காமல்.

எட்டரைக்குத் தூங்க வேண்டும்.
இன்னும் ஒரு மலை.