கடைசி ஆளுக்குப் பின்னால்

இந்த ஓட்டத்தில் எனக்குப் பெயர் துடைப்பம்.
கடைசி ஆளுக்கு இருபதடி பின்னால் வருவேன்.
நேற்று என் கையால் கட்டிய ஆரஞ்சு நாடாக்களை
இன்று என் கையாலேயே அவிழ்த்துப் பையில் திணிப்பேன்.
வந்து போன சுவடே
பொழுது சாய்வதற்குள் பிரனீஸில் இருக்கக் கூடாது.
அனுமதிக் கடிதத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

இம்முறை கடைசி ஆள் அஸுசேனா.
உவெஸ்காவில் பேருந்து ஓட்டுகிறவள்.
ஏற்றத்தில் மூச்சு, இறக்கத்தில் பேச்சு.
"பதினாறு வருஷத்தில் எந்த நிறுத்தத்துக்கும்
நான் தாமதமாகப் போனதில்லை" என்று
அவள் சொல்லி முடிக்கையில்
காலடியில் சரளைக் கல் ஆறாக நகர்ந்தது.
குதிகாலை ஊன்றாதே, கல்லோடு சேர்ந்து போ என்றேன்.
போனாள். விழுந்தாள். சிரித்தாள்.
முழங்காலில் ரத்தமும் சுண்ணாம்புப் பொடியும்.

பீச் மரக்காட்டுக்கு அப்பால்
ஆளில்லாத பதினொரு வீடு, ஒரு மணிக்கூண்டு.
அதன் நிழலில் தண்ணீர் மேசை.
தர்பூசணித் தோல் ஒரு வாளி நிறைய;
எங்களுக்கு மிஞ்சியது உப்பும் அரை வாழைப்பழமும்.

இருபத்து நாலாவது கிலோமீட்டர்.
நாடா வலப்பக்கம் திரும்பச் சொன்னது.
நான் இடப்பக்கம் கட்டியிருந்தேன்.
என்னுடையது இரட்டை முடிச்சு,
பல்லால் கடித்து இழுத்தால்தான் இளகும்.
இதுவோ ஒரே இழுப்பில் கையோடு வந்தது.
கால்நடை கட்டுகிறவன் போடும் சுருக்கு.
ஆறு நாடா. ஆறிலும் அதே சுருக்கு.
நுனிகள் கத்தியால் அறுபட்டிருந்தன.

பள்ளத்தில் இறங்கி, ஓடையில் கால் நனைத்து,
மறுபடி ஏறி, அதே முகட்டைத் தொடும் வழி.
முன்னூறு பேருக்கு மேல் போயிருக்கிறார்கள்,
முதலில் வந்தவன் உட்பட.
நாடா சொன்னால் கால் கேட்டுக்கொள்கிறது.

முகட்டில் நின்று திரும்பியபோதுதான் கண்டேன்.
நான் கட்டிய வழியின் நட்ட நடுவில்
செம்பட்டைக் குதிரை ஒன்று.
அதன் கீழே, ஈரம் காயாமல்,
நாலு காலையும் எங்கே வைப்பதென்று தெரியாத இன்னொன்று.
தள்ளி ஒரு பாறையில் கலிஸ்தோ.
விடியலிலேயே அவனுக்குத் தெரிந்திருக்கும்.
ஒரு கையைத் தூக்கினான்,
மன்னிப்பு மாதிரியும் இல்லை, வணக்கம் மாதிரியும் இல்லை.
"என் வண்டியை நிறுத்துகிறவர்கள்
இப்படித்தான் கை காட்டுவார்கள்" என்றாள் அஸுசேனா.
முடிச்சைப் பற்றி அவளிடம் நான் சொல்லவில்லை.

ஊற்றடிக்கு வந்தோம். மூன்று மணி நாலு நிமிடம்.
மூன்றுக்கு மேல் வழி கிடையாது.
கத்தரிக்கோல் வைத்திருந்த பையன்
அவள் மார்பு எண்ணின் ஒரு மூலையை நறுக்கினான்,
அவள் முகத்தைப் பார்க்காமல்.

"என் கடிகாரம் ஆயிரத்து நூறு மீட்டர்
கூடுதலாகக் காட்டுகிறதே?"
காட்டும், என்றேன்.
அப்புறம் சொன்னேன், எல்லாவற்றையும்.
ஊற்றில் முழங்காலைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.
கழுவி முடித்து, நிமிர்ந்து:
"குட்டி ஆணா பெண்ணா?"
பார்க்கவில்லை என்றேன்.
"அதைக்கூடப் பார்க்கவில்லையா!"
அந்த நாலு நிமிடத்துக்கு வராத கோபம்
இதற்கு வந்தது.

ஜீப் காத்திருந்தது. அவள் ஏறவில்லை.
மிச்சம் பதினாலு கிலோமீட்டர்;
எனக்கு முன்னால் யாரும் இல்லை இப்போது.
இடப்பக்கத்து நாடா எனக்கு, வலப்பக்கத்து நாடா அவளுக்கு.
"இப்படியா கட்டுவார்கள்?" என்று
ஒவ்வொரு முடிச்சிலும் பல்லை வைத்துத் திட்டினாள்.
அவள் கால்சட்டைப் பைகளிலிருந்து
ஆரஞ்சு வால்கள் தொங்கின.

சதுக்கத்தில் முடிவு வளைவு
காற்று இறங்கித் தரையில் கிடந்தது.
இருவர் அதை ஒரு முனையிலிருந்து சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.
சற்றுப் பொறுங்கள் என்று கை காட்டினாள், கலிஸ்தோவைப் போலவே.
செருப்புச் சேற்றோடு அதை மிதித்துத் தாண்டினாள்.
கடிகாரத்தை நிறுத்தினாள்.

அறிக்கையில் ஒரு கட்டம்: வழி மாறியதற்குக் காரணம்.
"குதிரை" என்று எழுதினேன்.
அஸுசேனா பேனாவை வாங்கி
பக்கத்தில் சேர்த்தாள்: "இரண்டு."