இருபத்துமூன்றாம் மணி

குத்தாயிசி நகரத்து மருத்துவமனை, மூன்றாம் மாடி.
ஜனவரி மழை.
வட்டங்கள் வரைகிறேன்:
கட்டில், மருத்துவர், மின்தூக்கி, கையெழுத்து.
நடுவே குட்டைக் கோடுகள்; அவைதாம் விதிகள்.
கோட்டுக்குள் அம்பு விடும் வட்டம் ஒவ்வொன்றிலும்
ஒரு மணியாவது கிடந்தால் கோடு திறக்கும்.
ஒன்றில் இல்லை என்றாலும்
கல்லுளிமங்கன்தான், அசையாது.

மணிக்குச் சிவப்பு அவரை விதை.
சமையலறையில் கைமாற்றாக வாங்கியது.
தாள்மேல் நகர்த்துகிறேன், விரல் நுனியில் மாவு வாசம்.

கட்டில் காலியாகக் கையெழுத்து வேண்டும்.
கையெழுத்துக்கு மருத்துவர்.
மருத்துவரோ கீழே, அவசரப் பிரிவில்,
ஒருவரை விட்டு நகர முடியாமல்.
அந்த ஒருவருக்கு வேண்டியது
ஒரு கட்டில்.

நூற்று நாற்பது முறை ஓட்டினேன்.
தொண்ணூற்றொரு முறை எல்லாம் உறைந்தது.
வெளியே வராந்தாவில்
தள்ளுவண்டிகள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன.

தேநீரோடு வந்த செவிலி ஸிஸானா
தாளைத் தலைகீழாகவே பார்த்தாள்.
"சோஃபா எங்கே?"

எக்ஸ்ரே அறைக்குப் பின்னால்,
கைப்பிடி கிழிந்த பழுப்பு சோஃபா.
வீட்டுக்குப் போகிறவர்கள்
கோட்டு மாட்டிக்கொண்டு, மடியில் பையோடு,
கையெழுத்துக்கு முன்பே அதில் உட்கார்ந்துவிடுவார்களாம்.
எந்தப் பட்டியலிலும் இல்லை.
இருபது வருடமாக இருக்கிறது.

ஒரு வட்டம் சேர்த்தேன், இரண்டு அம்பு.
நூற்று நாற்பது முறை. ஒருமுறையும் உறையவில்லை.
அன்றிரவு எனக்கு நடை கொள்ளவில்லை.
அறிக்கையில் அந்த வட்டத்துக்குப் பச்சை மை.

நிர்வாகி வாஜா கவனமாகப் படிப்பவர்.
பச்சையைப் பார்த்தார், விதிப்புத்தகத்தைப் பார்த்தார்:
பதிவில் இல்லாத இருக்கை.
வியாழக்கிழமை இரண்டு பேர் வந்து
படிக்கட்டில் முட்டி மோதி
அதைத் தூக்கிப் போனார்கள்.
அது ஒரு பொருளாக எழுதப்பட்ட முதல் தாள்
என்னுடையது.

இப்போது இரவு பதினொன்று.
நோயாளிகள் இருபத்துமூன்று. கட்டில் இருபத்திரண்டு.
மணி தானாகப் பிறக்காது, தானாகச் சாகாது,
இடம்தான் மாறும்:
என் முதல் விதி அது.
மாடி முழுக்க நடந்தேன். எண்ணினேன்.
இருபத்திரண்டு பேர்.
மருத்துவரும் மேலே வந்துவிட்டார்,
வெறுங்கையோடு, சீட்டியடித்தபடி.

ஸிஸானாவிடம் கேட்டேன்.
ஒருகணம் என் கையைப் பார்த்தாள்.
"முதலில் அந்தப் பேனாவை உள்ளே வை."

வைத்தேன். அப்போதும் சொல்லவில்லை.

விளக்கை அணைக்கிறேன்.
ஓர் அவரை விதை
தாளுக்கு வெளியே, மேசை மேல்,
தேநீர்க் கோப்பை விட்டுப்போன ஈர வளையத்தருகே.