உள்விளிம்பு

மேலே நின்று பார்க்காதீர்கள், நெலிடா.
நின்று பார்ப்பவர்களிடம் டயர்
நல்ல பிள்ளைபோலத்தான் காட்டிக்கொள்ளும்.
குனியுங்கள். கையைக் கொடுங்கள்.
உள்ளேயிருந்து வெளியே தடவினால் வழவழப்பு.
இப்போது வெளியேயிருந்து உள்ளே,
மெதுவாக, அரம்போலக் கடிக்கும்.
சக்கரங்கள் மூக்கை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு
ஓடியிருக்கின்றன. அது பெரிய நோயில்லை.
நட்டைத் தளர்த்தி, தண்டைக் கால் சுற்று திருப்பினால்
உங்கள் மாத்தே ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம்.
இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று போதாது.
திட்டுத் திட்டாய்க் குழி விழுந்தால்
ஷாக் அப்சார்பர் செத்து வெகுநாள்.
இதெல்லாம் பெட்ரோல் போடும் பையனே சொல்லிவிடுவான்.

நான் சொல்ல வேண்டியது வேறு.

இந்த நரம்பைப் பாருங்கள், ஆற்றில்
டொராடோ பிடிக்க வாங்கியது,
நாலு ஸ்டாண்டில் இழுத்துக் கட்டிக்
காரின் இருபுறமும் கோடு போட்டிருக்கிறேன்.
கம்ப்யூட்டர் வைத்தவனிடம் போனால்
இதையே வண்ணத்தில் காட்டிக் காசு வாங்குவான்.
வலது சக்கரத்தில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டேன்:
மேலுக்கும் கீழுக்கும் இரண்டு மில்லிமீட்டர்.
இடதில் பதினொன்று.
தலையை உள்ளே சாய்த்து நிற்கிறது,
கேள்வி கேட்டால் பதில் தெரியாதவன்போல.

பெஜோ 504-இல் இந்தச் சாய்வைத் திருத்த
ஒரு திருகுகூடக் கிடையாது.
தொழிற்சாலை வைத்ததுதான் கணக்கு.
மாறியிருந்தால், யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

இரண்டு வருடத்தில் இடது முன்சக்கரத்துக்கு மூன்று டயர்.
மூன்றையும் விற்றவன் நான்.
முதல் டயருக்கு, குய்ச்சோன் போகும் சாலையைக் குறை சொன்னேன்.
இரண்டாவதற்கு, நீங்கள் ஏற்றும் தேன் டப்பாக்களை.
மூன்றாவதற்கு
நீங்கள் ஓட்டுகிற லட்சணத்தை.

அந்தப் பிப்ரவரி ஞாபகம் இருக்கிறதா, பிரேக் மாற்றியது?
ஓட்டிப் பார்க்க எடுத்தேன் என்று சொன்னேன்.
ஐஸ் வாங்கத்தான் எடுத்தேன்.
அக்கா மகளுக்குப் பதினைந்து வயது நிறைகிற விருந்து,
பின் இருக்கையில் எட்டு மூட்டை உருகிக்கொண்டிருந்தது,
நானும் அவசரத்தில் இருந்தேன்.
ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் மூடியில்லாத சாக்கடை.
சத்தம் பெரிதாக இல்லை.
பக்கத்து அறையில் அலமாரியைச் சாத்தினால் எப்படியோ, அவ்வளவுதான்.

உள்ளே தூண் வளைந்திருந்தது.
அதைத் தொடாமல்
கோணலுக்குத் தக்கபடி ஸ்டீயரிங்கை மட்டும் நேராக்கினேன்.
கார் நேராகப் போனது.
நீங்கள் காலையில் வந்து ஓட்டிப் பார்த்து
‘வில்மார், உன் கை கை’ என்று சொல்லி
ஒரு பாட்டில் தேன் வைத்துவிட்டுப் போனீர்கள்.
அதை நான் தொடவேயில்லை என்று சொல்ல ஆசை.
தொட்டேன். ரொட்டியில் தடவி, பத்து நாள்.

ரப்பருக்கு நாக்கில்லை என்று நினைத்திருந்தேன்.
ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், உட்புறத்தில்,
யாரும் குனியாத இரண்டு விரல் அகலத்தில்
கம்பி தெரிகிற வரை
அதையே சொல்லிக்கொண்டிருந்தது.

சால்ட்டோவில், பழைய கார் பிரிக்கும் கொட்டகையில்
ஒரு 504 கிடக்கிறது, பின்பக்கம் நசுங்கி.
முன்தூண் இரண்டும் பழுதில்லை. நேற்றே போய்ப் பார்த்துவிட்டேன்.
நாளை மாட்டிவிடுவேன்.
முதல் வாரம் கார் வலப்பக்கம் இழுப்பதுபோல் இருக்கும்.
கார் இழுக்காது. உங்கள் கைதான்,
இத்தனை நாள் எதையோ தாங்கிப் பழகியது,
பழக்கத்தை விடக் கொஞ்சம் நாளாகும்.

ஏன் தெர்மாஸைக் கீழே வைக்கிறீர்கள்?
பேனாவா? அந்த ஆணியில் தொங்குகிறது.
ஆமாம், மூன்று டயர். எழுதுங்கள்.
பிரேக் கூலி, அதையும்.
என்ன?

சரி. தேனையும் எழுதுங்கள்.